ஊருக்குக் கிளம்பும்போது மீன் தொட்டி: சென்னை வீடுகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் திருநெல்வேலிக்கோ கும்பகோணத்துக்கோ டிக்கெட் போட்டாயிற்று. பால்காரரிடம் சொல்லியாயிற்று, பேப்பரை நிறுத்தியாயிற்று. மீன் தொட்டி என்று வரும்போது மட்டும் வீட்டில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "தீனி யார் போடுவாங்க?"

தீனி கடைசியில் வர வேண்டிய கவலை. ஆரோக்கியமான, வளர்ந்த மீன் ஒரு வாரம் சாப்பிடாமல் இருந்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. பூட்டிய வீட்டில் மீன் சாவது பெரும்பாலும் கரண்ட் போய்க் காற்று நின்றதால், அல்லது அடைத்த அறையில் தண்ணீர் சூடேறியதால், அல்லது பாவம் என்று யாரோ அள்ளிப் போட்ட தீனி அழுகியதால். அதனால் கீழே கரண்டுக்கும் சூட்டுக்கும்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். நன்னீர் மீன் வளர்க்கும் சாதாரண வீட்டுத் தொட்டிக்காக எழுதியது இது. கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள், விவரம் தெரிந்த ஆள் ஒருவர் தினமும் வந்து பார்க்க ஏற்பாடு செய்யாமல் கிளம்பவே கூடாது.

எத்தனை நாள், எந்த மாதம்

இரண்டு மூன்று நாள் என்றால் ஃபில்டர் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்பலாம். தீனி வேண்டாம், ஆள் வேண்டாம். ஒரு வாரம் என்றால் தீனி அப்போதும் தேவையில்லை, ஆனால் நடுவில் ஒருவர் ஒருமுறையாவது வந்து எட்டிப் பார்க்க வேண்டும். பத்து நாளைத் தாண்டினால் தீனிக்கும் தண்ணீர் மட்டத்துக்கும் ஏற்பாடு வேண்டும். மூன்று வாரத்துக்கு மேல் என்றால், தொட்டியைப் பராமரித்துக் கொடுக்கும் ஆளை வாரம் ஒருமுறை வரச் சொல்லுங்கள், இல்லையென்றால் மீன்களை நம்பகமான நண்பர் வீட்டுத் தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். கொளத்தூர் பக்கம் மீன் வாங்கும் கடையில் கேட்டால் வீட்டுக்கே வந்து பார்த்துக்கொள்பவர்களைச் சொல்வார்கள்.

இந்த நாள் கணக்கு குஞ்சுகளுக்குப் பொருந்தாது. கப்பி, மோலி குட்டி போட்டிருந்தால் அவற்றுக்குத் தினமும் தீனி வேண்டும்.

மாதமும் முக்கியம். பொங்கல் சமயம்தான் தொட்டியை விட்டுப் போக நல்ல நேரம்: சூடு இல்லை, பெருமழையும் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். தீபாவளியை ஒட்டிப் போனால் வடகிழக்குப் பருவமழையை நினைத்துக்கொள்ளுங்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோதும் நகரின் பல பகுதிகளில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. ஒரு மணி நேர மின்தடைக்குச் செய்த ஏற்பாடு அப்போது போதாது. மே மாதம் அக்னி நட்சத்திரத்தில் போகிறீர்கள் என்றால் எதிரி வெயில்தான்.

மூன்று வாரம் முன்பே

புது மீன் வாங்குவதை நிறுத்துங்கள். ஞாயிற்றுக்கிழமை சந்தையில் எவ்வளவு அழகான ஏஞ்சல் மீன் கண்ணில் பட்டாலும் திரும்பி வந்து வாங்கிக்கொள்ளலாம். புது மீனோடு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் அது வெளியே தெரியச் சில நாள் ஆகும். நீங்கள் ரயில் ஏறிய பிறகு தெரிந்து பயனில்லை. மீன் கூடினால் கழிவும் கூடும், ஃபில்டர் அதற்குப் பழகவும் நாள் வேண்டும்.

இப்போதே தொட்டியைச் சுற்றிக் கண்ணை ஓட்டுங்கள். கண்ணாடி மூலைகளில் சிலிக்கான் பசை உரிந்திருக்கிறதா, ஸ்டாண்ட் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா, ஏர் ட்யூப் மஞ்சளாகி விறைத்துப் போயிருக்கிறதா என்று பாருங்கள். ஃபில்டர் மோட்டார் புதிதாகச் சத்தம் போட ஆரம்பித்திருந்தால் அதை இந்த மூன்று வாரத்துக்குள் மாற்றிவிடுவது நல்லது. கிளம்புவதற்கு முந்தைய நாள் மாற்றினால் புது மோட்டார் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க அவகாசம் இருக்காது.

கரண்ட்: இங்கேதான் முழுக் கவனம் வேண்டும்

ஃபில்டர் நின்றால் இரண்டு விஷயம் நடக்கிறது. முதலாவது, தண்ணீரின் மேற்பரப்பு அசையாமல் போவதால் அதில் காற்று கலப்பது குறைகிறது. இரண்டாவதைப் பலர் யோசிப்பதில்லை. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் நல்ல பாக்டீரியாக்கள் ஃபில்டருக்குள்தான் பெரும்பாலும் வாழ்கின்றன. அவற்றுக்கும் ஆக்சிஜன் வேண்டும். ஓட்டம் நின்ற ஃபில்டரில், அதுவும் தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய டப்பா வகையான கேனிஸ்டரில், சில மணி நேரத்திலேயே அவை திணறத் தொடங்கும். நெடுநேரம் கழித்துக் கரண்ட் வந்து ஃபில்டர் தானாக ஓடும்போது உள்ளே அழுகிய தண்ணீர் அப்படியே தொட்டிக்குள் வந்து விழுகிறது.

அதனால் ஃபில்டர் எதுவாக இருந்தாலும், நீங்கள் இல்லாத நாட்களில் கூடவே ஒரு ஏர் பம்பும், அதன் காற்றில் ஓடும் ஸ்பாஞ்ச் (பஞ்சு) ஃபில்டரும் ஓடட்டும். விலை குறைவு, பழுதாக அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. விலை உயர்ந்த கேனிஸ்டரை மட்டும் நம்பிப் போவதைவிட இந்த ஸ்பாஞ்சை நம்பிப் போவேன்.

அடுத்து இன்வெர்ட்டர். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது என்பதால் தொட்டிக்கும் அது போகிறது என்று நினைத்துவிடாதீர்கள். பல வீடுகளில் லைட், ஃபேன் லைன் மட்டும்தான் இன்வெர்ட்டரில் இருக்கும்; தொட்டி மாட்டியிருக்கும் ப்ளக் பாயின்ட் இருக்காது. மெயினை ஒரு நிமிடம் அணைத்துப் பாருங்கள், குமிழி வருகிறதா நிற்கிறதா என்று தெரிந்துவிடும். நின்றால் எலக்ட்ரீஷியனை அழைத்து அந்த ஒரு பாயின்ட்டை மட்டும் இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றச் சொல்லுங்கள். அடுக்குமாடியில் ஜெனரேட்டர் இருந்தால், அது ஓடும்போது குமிழி வருகிறதா என்று பாருங்கள்.

கணக்கு நமக்குச் சாதகமானது. 12 வோல்ட், 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரி என்றால் ஏட்டுக் கணக்கில் 1,800 வாட்-ஹவர். ஏர் பம்ப் 5 வாட், சின்ன ஃபில்டர் 15 வாட். இன்வெர்ட்டர் தனக்கென்று எடுத்துக்கொள்வதையும் பேட்டரியின் வயதையும் கழித்துவிட்டாலும், ஃபேனும் டிவியும் ஓடாத வீட்டில் முக்கால் நாளுக்குக் குறையாமல் தாங்கும். கிளம்புவதற்கு முன் பேட்டரியில் டிஸ்டில்டு வாட்டர் மட்டத்தைச் சரிபாருங்கள்.

இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில், உள்ளேயே பேட்டரி வைத்த ஏர் பம்ப் வாங்குங்கள். எப்போதும் ப்ளக்கில் இருக்கும்; கரண்ட் போனதும் தானாகப் பேட்டரிக்கு மாறிவிடும். யுஎஸ்பி ஏர் பம்பும் பவர் பேங்கும் நல்ல ஏற்பாடுதான், ஆனால் யாராவது வந்து மாட்ட வேண்டும். ஒன்றரை வாட் பம்பை 10,000 மில்லி ஆம்பியர்-ஹவர் பவர் பேங்க் பதினைந்து மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டும். சில பவர் பேங்குகள் இவ்வளவு குறைந்த கரண்டில் தானாக அணைந்துவிடும், அதனால் வீட்டில் இருக்கும்போதே ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தும் நாளை முன்கூட்டியே அறிவிக்கும். பெரும்பாலும் காலை 9 மணியிலிருந்து பிற்பகல் 2 மணி வரை. உங்கள் ஏரியா பெயர் நீங்கள் இல்லாத தேதிகளில் வருகிறதா என்று பார்த்து, அந்த நாளை உங்களுக்காக வந்து பார்ப்பவரிடம் சொல்லிவிடுங்கள். ஈபி பில் தேதியையும் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் பில் என்பதால் மறந்துபோவது சுலபம். பணம் கட்டாமல் லைன் துண்டிக்கப்பட்டால் எந்த ஏற்பாடும் கைகொடுக்காது.

கடைசியாக ஒன்று, இதுதான் இந்தப் பகுதியிலேயே முக்கியமானது. வீட்டைப் பூட்டும்போது மெயினை அணைப்பது நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்லிக்கொடுத்த பழக்கம். கிளம்பும் அவசரத்தில் அப்பாவோ மாமாவோ கை வழக்கமாக அணைத்துவிடுவார். மெயின் சுவிட்ச் மேலேயும் தொட்டியின் சுவிட்ச் மேலேயும் "அணைக்க வேண்டாம் – மீன்" என்று எழுதி ஒட்டுங்கள். ஏசி, கீசர், வாஷிங் மெஷின் எம்சிபி சுவிட்சுகளைத் தனித்தனியாகக் கீழே இறக்கிக்கொள்ளலாம்.

பாதுகாப்புக்கு: ஒவ்வொரு ஒயரும் ப்ளக்குக்குப் போகும் முன் ஒருமுறை கீழே தொங்கி வளைந்து மேலே ஏற வேண்டும். ஒயர் வழியாக வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், ப்ளக்குக்குள் போகாது. ஏர் பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள், இல்லையென்றால் ட்யூபில் சின்ன செக் வால்வு போடுங்கள். கரண்ட் போகும்போது தண்ணீர் ட்யூப் வழியே பின்னால் வந்து தரையை நனைப்பதை அது தடுக்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தொட்டிக்கு நேர் கீழே தரையில் வைக்காதீர்கள்.

சூடு

25 டிகிரி தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும். 35 டிகிரியில் அது ஏழுக்குக் கொஞ்சம் கீழே வந்துவிடும். அதே நேரம் சூட்டில் மீனின் உடல் வேகமாக இயங்குவதால் அதற்கு அதிக ஆக்சிஜன் வேண்டும். இருப்பது குறைய, தேவை கூடுகிறது. இதோடு கரண்டும் போனால் முதலில் அடிபடுவது ஆஸ்கார் போன்ற பெரிய மீன்களும், குளிர்ந்த தண்ணீருக்கான கோல்டு ஃபிஷ்ஷும். ஃபைட்டரும் கௌராமியும் மேலே வந்து காற்றை நேரடியாக உறிஞ்சக்கூடியவை, அவை கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

ஏசி அறையில் இருக்கும் தொட்டிதான் எனக்கு அதிகம் பயம் தருவது. தினமும் இரவு ஏசியில் குளிர்ந்து பழகிய தண்ணீர், நீங்கள் போனதும் அடைத்த அறையில் ஏறத் தொடங்கும். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள வீடு என்றால் இன்னும் மோசம். ஒரு வாரம் முன்பே ஏசி இல்லாமல் அந்த அறையை விட்டுப் பார்த்து, மாலை நான்கு மணிக்குத் தண்ணீரில் தெர்மாமீட்டர் வையுங்கள். 32-ஐத் தாண்டினால் ஏதாவது செய்தாக வேண்டும்.

மேற்கு ஜன்னல் திரையை இழுத்து மூடுங்கள். தொட்டி லைட்டை எரிய விடாதீர்கள். செடி இல்லாத தொட்டிக்கு அறைக்குள் வரும் பகல் வெளிச்சமே போதும். செடி இருந்தால் டைமர் வைத்து ஆறு மணி நேரம். கண்ணாடி மூடியை எடுத்துவிட்டுக் கொசு வலையை இழுத்துக் கட்டுங்கள்: சூடு வெளியேறும், மீன் வெளியே குதிக்காது. சின்ன ஃபேன் ஒன்றைத் தண்ணீர் மேற்பரப்பை நோக்கி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும். காற்றில் ஈரம் அதிகமான நாளில் அவ்வளவு குறையாது. ஃபேன் வைத்தால் தண்ணீர் வேகமாக வற்றும் என்பதையும் கணக்கில் எடுங்கள். இரண்டடிக்கு ஓரடித் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் கிட்டத்தட்ட 1.8 லிட்டர் போய்விட்டது என்று அர்த்தம்.

ஹீட்டர் இருந்தால் ப்ளக்கைக் கழற்றி வையுங்கள். சென்னையில் டிசம்பர், ஜனவரி இரவுகளில்கூட வீட்டுக்குள் இருக்கும் தொட்டி சாதாரண மீன்கள் தாங்காத அளவுக்குக் குளிர்வதில்லை. அணையாமல் மாட்டிக்கொண்ட ஹீட்டர் ஒரே ராத்திரியில் தொட்டியைக் காலி செய்துவிடும்.

தீனி

தின்னாமல் விட்ட தீனி அழுகினால் அம்மோனியா. சென்னையில் அது கூடுதல் விஷம், காரணம் நம் தண்ணீர். போர் தண்ணீர் பெரும்பாலும் கடினத் தன்மையோடும் காரத் தன்மையோடும் இருக்கும். அம்மோனியாவில் மீனைக் கொல்லும் வடிவத்தின் பங்கு, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 7-லிருந்து 8-க்குப் போனால் சுமார் பத்து மடங்கு கூடுகிறது, சூட்டிலும் கூடுகிறது. ஒருவேளை அதிகமாகப் போட்ட தீனி இங்கே அவ்வளவு பெரிய விஷயம்.

ஒரு வாரம் வரை தீனி வேண்டாம் என்பதே என் முடிவு. ஊருக்குப் போகும்போது போட்டுவிட்டுப் போகலாம் என்று விற்கும் வெள்ளைக் கட்டியை வாங்காதீர்கள். சுண்ணாம்புக் கட்டி போல இருக்கும் அது மெல்லக் கரைந்து தண்ணீரைக் கலக்கும். மீன் தின்பது கொஞ்சம், அடியில் படிவது அதிகம். பத்து நாளைத் தாண்டினால் பேட்டரியில் ஓடும் ஆட்டோ ஃபீடர் நல்லது, ஆனால் கடற்கரை ஊரின் ஈரக் காற்றில் தீனி கட்டி கட்டியாக ஒட்டிக்கொள்ளும். அதனால் மெல்லிய செதில் தீனி வேண்டாம், சின்ன உருண்டைத் தீனி போடுங்கள். குமிழி தெறிக்கும் இடத்துக்கு மேலே ஃபீடரை மாட்டாதீர்கள். வழக்கமாகப் போடுவதில் பாதி அளவு, ஒன்றுவிட்டு ஒரு நாள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே மாட்டி, அது போடுவதை நேரில் பாருங்கள்.

கடைசி இரண்டு மூன்று நாள்

கிளம்புவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பு கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். கிளம்பும் அன்று மாற்ற வேண்டாம். ஏதாவது தவறினால் பார்க்க நீங்கள் இருக்க மாட்டீர்கள். மெட்ரோ வாட்டர் என்றால் ஆன்டி குளோரின் போட்டு மாற்றுங்கள். லாரித் தண்ணீர் இறக்கியிருந்தால் எங்கிருந்து வந்தது என்று தெரியாது, மீன்கள் ஏற்கெனவே பழகிய தண்ணீரையே பயன்படுத்துங்கள். அடியில் படிந்த கழிவை உறிஞ்சி எடுத்துவிடுங்கள். ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கசக்கிப் பிழியாதீர்கள், நல்ல பாக்டீரியா போய்விடும். அடைத்திருந்தால், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் லேசாக அலசினால் போதும்.

வற்றுவதை ஈடுகட்ட இரண்டு பக்கெட் தண்ணீரை இப்போதே பிடித்து, ஆன்டி குளோரின் போட்டு, இறுக்கமாக மூடி வையுங்கள். திறந்து வைத்தால் டெங்கு கொசு முட்டை போடும்.

ஊருக்குப் போகும் முன் கரப்பான் மருந்து அடிப்பது பல வீடுகளில் வழக்கம். தொட்டி இருக்கும் வீட்டில் அதைச் செய்யாதீர்கள். அந்த ஸ்ப்ரேக்களில் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்துகள் மீனுக்குக் கொடிய விஷம், ஏர் பம்ப் அறைக் காற்றை இழுத்து நேரே தண்ணீருக்குள் விடுகிறது. மாநகராட்சிக் கொசுப்புகை வண்டியும் வரும் என்பதால் தெருப் பக்க ஜன்னலை மூடியே வைத்துவிட்டுப் போங்கள்.

பார்த்துக்கொள்பவர்

தினமும் வரச் சொல்லாதீர்கள். தினமும் வந்தால் தினமும் தீனி போடத் தோன்றும். வாரத்துக்கு இரண்டு முறை போதும். தீனி டப்பாவை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, ஒவ்வொரு வேளைக்கும் தனித்தனிப் பொட்டலம் மடித்து மேலே கிழமை எழுதி வையுங்கள். கிளம்பும் முன் ஒருமுறை அவரைக் கூப்பிட்டு, உங்கள் முன்னால் செய்யச் சொல்லிப் பாருங்கள். ஒரு தாளும் ஒட்டிவிட்டுப் போங்கள். கீழ் வீட்டு அக்காவுக்கு என்றால் இப்படி இருக்கலாம்:

"அக்கா, செவ்வாயும் வெள்ளியும் வந்தா போதும். குமிழி வருதான்னு முதல்ல பாருங்க. வரலைன்னா சுவிட்சைப் பாருங்க, கரண்ட் இல்லைன்னா பச்சை டப்பா பம்பை பவர் பேங்க்ல மாட்டிட்டு எனக்கு போன் பண்ணுங்க. அந்தக் கிழமைப் பொட்டலம் ஒண்ணே ஒண்ணு மட்டும் போடுங்க. தண்ணி கண்ணாடியில ஒட்டின டேப்புக்குக் கீழ இறங்கியிருந்தா பக்கெட்ல இருக்கிற தண்ணியை மெதுவா ஊத்துங்க, குழாய்த் தண்ணி வேண்டாம். மீன் செத்திருந்தா வலையால எடுத்துடுங்க, அப்படியே விட்டா மத்ததும் போயிடும். தொட்டிக்குள்ள கையை விடாதீங்க, விட்டே ஆகணும்னா எல்லா சுவிட்சையும் அணைச்சிட்டு விடுங்க."

ஃபில்டரால் தண்ணீர் இழுக்க முடியாத மட்டத்தில் அந்த டேப்பை ஒட்டாதீர்கள், அதற்கு இரண்டு விரல் மேலேயே ஒட்டுங்கள். தண்ணீர் இறங்கிவிட்டால் மோட்டார் வறண்டு ஓடி எரிந்துபோகும்.

வீட்டில் கேமரா இருந்தால் தொட்டியைப் பார்த்துத் திருப்பி வையுங்கள். வைஃபை ரௌட்டரும் இன்வெர்ட்டரில் இருந்தால்தான் கரண்ட் போன நேரத்தில் அது உதவும்.

கிளம்பும் நேரம்

கடைசித் தீனி முந்தைய நாளோடு முடியட்டும். தண்ணீரை வழக்கமான மட்டம் வரை நிரப்புங்கள். மீன்களை ஒருமுறை எண்ணி, அந்த எண்ணிக்கையைத் தாளில் எழுதுங்கள். வலை, டார்ச், பழைய துண்டு மூன்றையும் தொட்டிப் பக்கத்தில் வையுங்கள். பூட்டுவதற்கு முன் எல்லோரும் வாசலுக்கு வந்த பிறகு, நீங்கள் மட்டும் உள்ளே போய்க் குமிழியைப் பாருங்கள்.

திரும்பி வந்ததும்

பெட்டியை இறக்கி வைத்த கையோடு தீனி டப்பாவைத் திறக்க வேண்டாம். முதலில் மோந்து பாருங்கள், அப்புறம் எண்ணுங்கள். ஒரு மீன் குறைந்தால் செடிக்கும் கல்லுக்கும் பின்னால் தேடி எடுத்துவிடுங்கள். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கினால் உடனே கால் பங்கு தண்ணீர் மாற்றி, ஏர் பம்பைக் கூட்டுங்கள்.

ஃபில்டர் நின்றிருந்தால் சுவிட்சைப் போடாதீர்கள். எவ்வளவு நேரமாக நின்றது என்று உங்களுக்குத் தெரியாது. முழுவதும் கழற்றி, உள்ளே இருக்கும் தண்ணீரைக் கொட்டி, பஞ்சைத் தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டு மாட்டுங்கள். அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் உள்ளே இருந்த பாக்டீரியா பெரும்பாலும் போயிருக்கும். அடுத்த இரண்டு வாரம் புதுத் தொட்டியாக நினைத்து நடந்துகொள்ள வேண்டும்: தீனி குறைவு, இரண்டு நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் மாற்றம், கடையில் கிடைக்கும் டெஸ்ட் கிட் வைத்து அம்மோனியா சோதனை.

எல்லாம் நன்றாக இருந்தால் அன்று மாலை வழக்கத்தில் பாதி தீனி போடுங்கள். மறுநாள் கால் பங்கு தண்ணீர் மாற்றிவிட்டு, இரண்டு மூன்று நாளில் பழைய அளவுக்கு வரலாம். உடம்பில் வெள்ளைப் புள்ளி, ஒட்டிக்கொண்ட துடுப்பு, கல்லில் உரசிக்கொள்வது போன்ற அறிகுறி தென்படுகிறதா என்று ஒரு வாரம் கவனியுங்கள். அந்த வாரம் முடிந்த பிறகு புது மீன் வாங்கப் போகலாம்.